அதிபரும் மைதானமும்: இணைப்பாடவிதானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட மாகாணத்துப் பாடசாலைகளில் ஆசிரியராகவும் பிறகு அதிபராகவும் இருந்து ஓய்வுபெற்றவன் நான். புதிதாக அதிபர் கதிரையில் இருந்தவர்கள், பெற்றோர், சில வேளை என்னிடம் படித்த பிள்ளைகளே கூட, ஒரே கேள்விகளைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். சில பதில்கள் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

இணைப்பாடவிதானம் என்பதில் எதெல்லாம் அடங்கும்?

வகுப்பறைப் பாடத்துக்கு வெளியே பாடசாலை பொறுப்பெடுத்துச் செய்விக்கும் எல்லாமும். இல்ல மெய்வல்லுநர் போட்டி (பாடசாலைப் பிள்ளைகளை 'இல்லங்கள்' என்ற அணிகளாகப் பிரித்து நடத்துவது), உதைபந்தாட்டம், வலைப்பந்தாட்டம், துடுப்பாட்டம், சாரணர், சென் ஜோன் முதலுதவிப் படை, மாணவர் படையணி, தமிழ்மொழித் தினப் போட்டி, விவாதம், நாடகம், கூத்து, மாணவர் பாராளுமன்றம், மாணவ முதல்வர் சபை, தோட்டம், பாண்ட் வாத்தியம். ஒரு காலத்தில் 'புற' என்று சொல்லிவந்ததை இப்போது 'இணை' என்கிறோம். சுற்றறிக்கையில் சொல் மாறிய வேகத்துக்கு நேரசூசி மாறவில்லை என்பது வேறு கதை.

விளையாடினால் பிள்ளைக்கு நல்ல குணம் தானாக வந்துவிடும் என்கிறார்களே, சரியா?

பரிசளிப்பு விழா உரைகளில் மட்டும் சரி. மைதானத்தில் நான் கண்டது வேறு.

ஒரு வருடம் எங்கள் இல்லப் போட்டியில் நாலு தர நூறு மீற்றர் அஞ்சலோட்டம். அப்போது கோல் மாற்றும் வலயம் 20 மீற்றர். மூன்றாவது மாற்றத்தில் ஒரு இல்லத்துப் பிள்ளைகள் கோட்டைத் தாண்டித்தான் கோலை மாற்றினார்கள். அந்த வளைவில் நடுவராக நின்ற ஆசிரியர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரிடம் சிவப்புக் கொடி இருந்தது, அதைத் தூக்கவில்லை. அவர் அதே இல்லத்தின் பொறுப்பாசிரியர். அந்த இல்லம் முதலாம் இடம். எதிர் இல்லத்துத் தலைவன், தரம் 12 மாணவன், ஓடிவந்து முறையிட்டபோது, "பெரிய ஆக்களோடு கதைக்கிற விதமா இது?" என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானோ கழுத்தில் மாலையோடு விருந்தினர் பந்தலில், பிரதம அதிதிக்குப் பக்கத்தில் சோடா குடித்துக்கொண்டிருந்தேன். விடயம் எனக்குத் தெரியவந்தது அடுத்த நாள் காலைக்கூட்டத்துக்குப் பிறகுதான்.

அந்தப் பின்னேரம் இருநூறு முன்னூறு பிள்ளைகள் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கோடு யாருக்கு வரைந்தது' என்ற பாடம் அன்று அவர்களுக்கு நடந்தது. விளையாட்டு பிள்ளைக்குக் குணம் கொடுக்கும், கெடுக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற பெரியவரைப் பொறுத்தது. அந்தப் பெரியவரை அங்கே நிறுத்துவது அதிபர்.

அடுத்த வருடம் இரண்டு மாற்றம் செய்தேன். நடுவர்கள் எல்லோரும் அயற்பாடசாலைகளில் இருந்து வந்தார்கள், பதிலுக்கு எங்கள் ஆசிரியர்கள் அவர்களின் போட்டிக்குப் போனார்கள். முறைப்பாடு இருந்தால் இல்லத் தலைவர் அரை மணித்தியாலத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று விதி வைத்தோம், அதை விசாரிக்கும் குழுவில் சம்பந்தப்படாத இல்லங்களின் தலைவர்கள் இரண்டு பேரையும் இருத்தினோம். ஆசிரியர்கள் சிலர் முகத்தைச் சுழித்தார்கள். முதல் வருடம் ஒன்பது முறைப்பாடு, பாதி வெறும் ஆத்திரம். அதற்கடுத்த வருடம் மூன்று. எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதுமே பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது, எனக்கும் அப்படித்தான்.

உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார், சங்கீத ரீச்சர் இருக்கிறார். அதிபருக்கு இதில் என்ன வேலை?

புதிய பாடசாலைக்குப் பொறுப்பேற்றுப் போகிற அதிபர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "விளையாட்டு அறைத் திறப்பு யாரிடம் இருக்கிறது?" என்பதுதான்.

நான் அதிபராகப் போன ஒரு பாடசாலையில் அந்தத் திறப்பு என் காரியாலயச் சுவரில், ஆணியில் தொங்கியது. அறையைத் திறந்து பார்த்தேன். அலுமாரிக்குள் ஏழு உதைபந்துகள், இரண்டு இன்னும் பொலித்தீன் உறைக்குள். காற்றுப் போய், தோல் காய்ந்து வெடித்திருந்தன. வெளியே பிள்ளைகள் தையல் விட்ட ஒரு பந்தைச் சணலால் கட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னிருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. இருப்புப் பதிவேட்டில் ஏழு என்று இருந்தால் கணக்காய்வு வரும்போது ஏழும் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும். பயந்து பூட்டிவைத்தார். இலங்கையில் எத்தனையோ அதிபர்கள் இந்தப் பயத்தில்தான் பாடசாலை நடத்துகிறார்கள்.

திறப்பைத் தரம் 10 மாணவன் ஒருவனிடம் கொடுத்தேன். கெட்டிக்காரன் என்று பேர் எடுத்தவன் இல்லை, பின்வாங்கில் இருப்பவன். ஒரு கொப்பியும் கொடுத்தேன்: யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, எப்போது திரும்பியது. முதல் மாதமே இரண்டு பந்துகள் காணாமல் போயின. ஆசிரியர் அறையில், "சேர், நாங்கள் சொன்னோம்தானே" என்றார்கள். பொடியன் என் முன்னால் அழாத குறையாக நின்றான். திறப்பைத் திருப்பித் தரவா என்று கேட்டான். வேண்டாம், பந்து போன விதத்தைக் கண்டுபிடி என்று அனுப்பினேன். ஒன்று பக்கத்து வளவுக் கிணற்றுக்குள் கிடந்தது, மற்றது கிடைக்கவே இல்லை, அதன் காசை நான் கொடுத்தேன். அதன்பிறகு அவனே ஒரு விதி கொண்டுவந்தான்: பந்து எடுப்பவர் பேரோடு இன்னொருவர் பேரும் சாட்சிக்கு எழுத வேண்டும். எனக்குத் தோன்றாத யோசனை. அந்த வருடம் முடிய வேறு ஒன்றும் தொலையவில்லை.

அதிபரின் வேலை இவ்வளவுதான்: பொறுப்பைக் கொடுக்க வேண்டும், தொலைந்தால் பழியைத் தான் எடுக்க வேண்டும், திறப்பைத் திரும்ப வாங்கக்கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம். மற்றபடி ஆசிரியர்களுக்கு நேரம் பிரித்துக்கொடுப்பது, வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது, பின்னேரத்தில் மைதானத்துப் பக்கம் ஒருக்கால் நடந்துவருவது எல்லாம் தானாக வரும்.

பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. இரண்டரைக்கு ரியூசன். எப்போது செய்விப்பது?

ரியூசனோடு சண்டைபிடித்து வென்ற அதிபரை நான் இன்னும் காணவில்லை. நானும் வெல்லவில்லை. செய்யக்கூடியது, அயலில் உள்ள தனியார் கல்வி நிலையங்களை நடத்துபவர்களை ஒரு நாள் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுக் கதைப்பது. அவர்களில் பாதிப்பேர் எங்கள் பழைய மாணவர்கள். செவ்வாயும் வியாழனும் நாலரை வரைக்கும் தரம் 10 வரையான பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்க வேண்டாம் என்று கேட்டோம். ஒருவர் மறுத்தார், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு பின்னேரம் ஒழுங்காகக் கிடைத்தாலே நிறைய. எல்லா நாளும் பயிற்சி என்று அறிவித்துவிட்டு ஒரு நாளும் நடக்காத பாடசாலைகள் எத்தனையோ.

தரம் 11 இலும் உயர்தரத்திலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள்.

தரம் 11 இல் குறைக்கலாம், முற்றாக வெட்ட வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று நாலு மாதம் இருக்கும்போது பயிற்சியை நிறுத்துவது நியாயம். ஆனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக மூன்றாம் தரத்திலேயே பிள்ளையின் பந்தைப் பறிக்கிற அம்மாக்களுக்கு என்னிடம் பதில் இல்லை, ஆத்திரம் மட்டும்தான் இருக்கிறது.

உயர்தரப் பிள்ளைகளை விட்டால் இல்லத் தலைவர், மாணவ முதல்வர், மன்றச் செயலாளர் என்று பொறுப்பெடுக்க யார் இருக்கிறார்கள்? அந்த வயதில்தான் ஒரு பிள்ளை நாற்பது பேரை வரிசையில் நிற்பாட்டி அணிநடை பழக்க முடியும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி இசட் புள்ளி என்று அந்த இரண்டு வருடத்தையும் பறித்துவிட்டால், கூட்டமொன்றில் எழுந்து நாலு வசனம் பேசத் தெரியாத பட்டதாரிகள்தான் மிஞ்சுவார்கள்.

விளையாட்டுச் சான்றிதழ் பல்கலைக்கழகத்துக்கு உதவுமா?

உயர்தரத்தில் தேவையான குறைந்தபட்சத் தகுதியோடு, தேசிய அல்லது சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு விசேட அனுமதி வைத்திருக்கிறது. மிகச் சில பிள்ளைகளுக்கே அது கிடைக்கும். வலய மட்டத்தில் மூன்றாம் இடம் எடுத்த சான்றிதழை அதற்காகக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைக்காதீர்கள்.

எங்கள் பாடசாலைக்கு எத்தனையோ கிண்ணங்கள் வருகின்றன. இதைவிட என்ன வேண்டும்?

கிண்ணம் எத்தனை என்று எண்ணுகிறீர்கள், எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? தமிழ்மொழித் தினப் போட்டி கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறிக்கொண்டு போகும். மேலே போக வேண்டும் என்ற அவசரத்தில் பேச்சுக்கும் பாவோதலுக்கும் வில்லுப்பாட்டுக்கும் அதே நாலு பிள்ளைகளைத்தான் ஆசிரியர் கூட்டிப்போவார். ஒரு வருடம் எங்கள் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அறுநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள், ஆனால் போட்டிகளுக்குப் போனவர்கள் ஐம்பத்துமூன்று பேர். அதில் ஒரு பிள்ளையின் பெயர் பதினொரு இடத்தில். அந்தப் பிள்ளைக்கும் அது நல்லதில்லை. தோற்றுப்போய் வந்த நாளில் அவள் சாப்பிடாமல் இருந்ததை அவளுடைய அம்மா வந்து சொன்னார்.

பிறகு ஒரு பிள்ளை இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் பாடசாலையைப் பிரதிநிதித்துவம் செய்யக்கூடாது என்று வைத்தோம். கிண்ணம் குறைந்தது, பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் எனக்கு நல்ல ஏச்சும் விழுந்தது.

பெண்பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள்.

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனை படைத்தவர். ஆறடி பத்து அங்குல உயரச் சிவலிங்கம் தர்ஜினி வலைப்பந்தாட்டத்தில் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் இருந்தவர். இந்தப் பெயர்களைச் சொன்னால் பெற்றோர் தலையாட்டுவார்கள், ஆனால் அடுத்த நாள் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். அவர்கள் தேடுவது வேறு: உடை மாற்ற ஒரு அறை, தண்ணீர் வரும் மலசலகூடம், பயிற்சி முடியும்வரை நிற்கும் ஒரு ரீச்சர், பொழுதுபட முன் வீட்டுக்குப் பஸ். இந்த நாலையும் அதிபர் செய்துவைத்தால் மாதவிடாய் நாளில் கூடப் பிள்ளை வந்து ஓரமாக இருந்து நேரம் குறிக்கும். செய்யாவிட்டால் சாதனையாளர் பெயர்களைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

ஓடவும் தெரியாது, பாடவும் தெரியாது, மேடை என்றால் நடுங்கும். அப்படியான பிள்ளைக்கு?

ஒரு போட்டி நடக்க எத்தனை கை வேண்டும் என்று பாருங்கள். சுண்ணாம்புக் கோடு போட, புள்ளி எழுத, தண்ணீர் கொடுக்க, ஒலிவாங்கி வயர் இழுக்க, முதலுதவிக்கு. சென் ஜோன் படையில் சேர்ந்த ஒரு பிள்ளை எங்களிடம் இருந்தது, வகுப்பில் வாயே திறக்காது. மரதன் ஓட்ட நாளில் ஒரு அண்ணாவுக்குக் காலில் தசை பிடித்தபோது, "அசையாமல் இருங்கோ" என்று அதட்டிய சத்தம் எனக்கு இப்பவும் காதில் நிற்கிறது.

மரதன் ஓட்டத்தை நடத்தலாமா? பயமாக இருக்கிறது.

பயம் நல்லது. காலை ஆறு ஆறரைக்குத் தொடங்குங்கள், ஒன்பதுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் மருத்துவப் பரிசோதனையும் இல்லாமல் ஒரு பிள்ளையும் ஓடக்கூடாது. பயிற்சி இல்லாமல் அன்றைக்கு மட்டும் வந்து ஓடுகிற பிள்ளையைத் தொடக்கக் கோட்டிலேயே நிறுத்துங்கள். வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர், கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் சைக்கிளில் ஒரு ஆசிரியர். ஏதும் என்றால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு யார் அழைப்பது என்று முதல் நாளே ஒருவருக்குச் சொல்லிவையுங்கள். எல்லோரும் எடுப்பார்கள் என்று நினைத்து ஒருவரும் எடுக்காமல் விடுவதுதான் நடப்பது. காய்ச்சல் என்று சொல்லி விலகும் பிள்ளையைக் கேலி செய்யும் ஆசிரியரை அந்த இடத்திலேயே கண்டியுங்கள்.

மாணவ முதல்வர்களை எப்படித் தெரிவு செய்வது?

பரீட்சைப் புள்ளியை வைத்துத் தெரிவு செய்யாதீர்கள், கொடையாளியின் பிள்ளை என்பதற்காகவும் வேண்டாம். நாங்கள் வகுப்பாசிரியர்களிடம் பெயர் கேட்டோம், தரம் 9 முதல் மேலே உள்ள பிள்ளைகளிடம் இரகசிய வாக்கும் எடுத்தோம், பிறகு ஒரு தவணை முழுக்கச் சின்னம் இல்லாமல் வேலை செய்யவிட்டோம். வாயிலில் காலை ஏழு மணிக்கு ஒரு தவணை ஒழுங்காக நின்றவருக்குத்தான் சின்னம்.

ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்ல வேண்டும்: மாணவ முதல்வர் யாரையும் தண்டிக்கக் கூடாது. முழங்காலில் இருத்துவது, வெயிலில் நிறுத்துவது, தலையில் குட்டுவது ஒன்றும் கூடாது. சில ஆசிரியர்கள் தாங்கள் செய்ய விரும்பாத தண்டனையைச் சிரேஷ்ட மாணவர்களைக் கொண்டு செய்விப்பார்கள். அதிபருக்கு அது தெரியாமல் இருக்காது, தெரியாத மாதிரி இருப்பார்.

வடக்கின் பெருஞ்சமர் மாதிரிப் போட்டிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றனவா?

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டம் 1904 இல் தொடங்கியது. போர்க்காலத்தையும் தாண்டி வந்த பழக்கம். மார்ச் மாத வெயிலில் பாண்ட் சத்தத்தோடு அந்த மூன்று நாளும் நகரமே ஒரு மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கும், மறைக்கவில்லை. மைதானத்துக்குள் விளையாடும் பதினொரு பேரால் எனக்குக் கவலை வந்ததில்லை. கவலை எல்லாம் வேலிக்கு வெளியே, வாகனத்தில் தொங்கிக்கொண்டு திரிகிற பிள்ளைகளாலும், அவர்களுக்குப் போத்தல் வாங்கிக் கொடுக்கிற வளர்ந்த பழைய மாணவர்களாலும்தான். எந்தப் பாடசாலையின் பெருஞ்சமர் என்றாலும் இரண்டு அதிபர்களும் ஒரு கிழமைக்கு முன்னரே ஒன்றாகப் பழைய மாணவர் சங்கங்களைச் சந்தித்து இதைச் சொல்ல வேண்டும். தனித்தனியே சொன்னால் எடுபடாது.

எண்பது பிள்ளைகள் படிக்கிற கிராமத்துப் பாடசாலை. உடற்கல்வி ஆசிரியரும் இல்லை, காசும் இல்லை.

நான் தொடங்கியதே அப்படியான இடத்தில்தான். மைதானத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஊரில் கூத்துப் பழக்குகிற ஒரு அண்ணாவியார் இருப்பார், அல்லது கூத்தாடிய கிழவர் ஒருவராவது. அவரைக் கூப்பிடுங்கள். கூத்துக்கு இருபது பேர் வேண்டும், ஆட, பிற்பாட்டுப் பாட, உடுப்புத் தைக்க. தாளம் தப்பினால் முழு வட்டமும் தடுமாறும், எனவே ஒருவரை ஒருவர் பார்த்து நடக்கப் பழகுவார்கள். எங்களுக்கு ஆன செலவு மத்தளத்துக்கு வார் மாற்றியதும் அண்ணாவியாருக்கு ஒரு வேட்டியும்.

காசு நிறைய இருக்கிற பாடசாலைகளில்தான் எனக்குத் தலையிடி. இல்ல அலங்காரத்துக்கு ஒவ்வொரு இல்லமும் வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்களிடம் காசு சேர்த்து, கூலிக்கு ஆள் பிடித்துக் கோபுரம் கட்டுவிக்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். தென்னோலையும் வாழைத்தண்டும் பழைய பத்திரிகையும் தவிர வேறு பொருள் கூடாது என்று வைத்தால் அவர்களே செய்வார்கள். அழகு கொஞ்சம் குறையும்.

எங்கள் ஊரிலேயே இதற்கு முன்மாதிரியான அதிபர்கள் இருந்தார்களா?

நிறையப் பேர். இருவரைச் சொல்கிறேன். 1910 இல் மகாஜனக் கல்லூரியைத் தொடங்கிய பாவலர் துரையப்பாபிள்ளை கவிஞர், நாடகம் எழுதியவர். அதிபரே பாட்டுக் கட்டினால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஈழத்துக் கவிஞர் 'மகாகவி' உருத்திரமூர்த்தி படித்த பாடசாலை அது. பாவலரின் மகன் ஜெயரத்தினமும் பின்னர் அங்கே நீண்ட காலம் அதிபராக இருந்தார். மகாஜனாவுக்கு விளையாட்டிலும் கலையிலும் இன்றைக்கு இருக்கும் பேருக்கு அவர் காலத்து உழைப்பு பெரிய காரணம்.

மற்றவர் ஹன்டி பேரின்பநாயகம். 1924 இல் யாழ்ப்பாணத்து இளைஞர் அமைப்பான மாணவர் காங்கிரஸ் தொடங்கியபோது அவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆசிரியர். 1927 இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது அவர்களுடைய அழைப்பில். சாதி வேறுபாட்டுக்கு எதிராகவும் அந்த இளைஞர்கள் பேசினார்கள், யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் அது சின்ன விடயம் இல்லை. பின்னாளில் அவர் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபர். இன்றைக்கு விவாதப் போட்டித் தலைப்பை வலயத்துக்குப் பயந்து மாற்றுகிற எங்களை அவர் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

குணம் வளர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புள்ளித்தாள் கிடையாது. நான் செய்தது ஒன்று உண்டு. மேசை லாச்சிக்குள் ஒரு கொப்பி வைத்திருந்தேன். பின்னேரம் மைதானத்தில் கண்டதை ஒன்றிரண்டு வரியில் திகதியோடு எழுதுவேன். 'தோற்ற பிறகு வலையைக் கழற்றி மடித்தது இவள்தான்.' 'நடுவரோடு சண்டை. அடுத்த நாள் போய் மன்னிப்புக் கேட்டான், யாரும் சொல்லாமல்.' 'தண்ணீர்ப் போத்தலை எறிந்தான்.' இப்படி.

பாடசாலையை விட்டுப் போகும் பிள்ளைக்கு அதிபர் நற்சான்றிதழ் எழுத வேண்டும். எல்லா அதிபர்களும் எழுதுவது ஒரே வசனம்: ஒழுக்கமானவர், பணிவானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். நான் கொப்பியைப் புரட்டிப் பார்த்து எழுதுவேன். திறப்பு வைத்திருந்த பொடியன் வேலைக்கு விண்ணப்பிக்க என்று வந்து கேட்டபோது, 'இரண்டு வருடம் பாடசாலையின் விளையாட்டு அறைக்குப் பொறுப்பாக இருந்தார், அவருடைய பதிவேட்டைக் கணக்காய்வாளரிடம் அப்படியே கொடுத்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். அவன் வாசித்துப் பார்த்துவிட்டு, "சேர், ரெண்டு பந்து துலைஞ்சதை எழுதேல்லையோ?" என்றான்.